என் பாதி மட்டும்

இந்தக் கதையில் நாற்பது நிமிட உரையாடல் ஒன்று வருகிறது. அதில் என் பாதியை மட்டும்தான் நீங்கள் படிக்கப்போகிறீர்கள். மறு பாதி என்னுடையது இல்லை. உன் போனில் இருந்தது எப்படி உன்னுடையது இல்லாமல் போகும் என்று கேட்பீர்கள். நாலு மாதத்துக்கு முன்னால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் எனக்கு வேலை. எட்டு மெக்கானிக்குகள், அறுபத்து மூன்று லிஃப்டுகள், ஒரே ஒரு நான். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றாலும் முதலில் என் மேஜையில்தான் மணி அடிக்கும். யார் போகவேண்டும், எதை எடுத்துக்கொண்டு போகவேண்டும், போன ஆள் என்ன செய்தார் என்பதெல்லாம் என் வழியாகத்தான் நடக்கும். மெக்கானிக்குகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பூதம். புதையல் காக்கிற பூதம். புதையல் என்றால் என் ஃபைல்கள். கோபித்துக்கொள்வேன் என்று நினைத்து முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

லிஃப்ட் ஓடும் பாதைக்குள், அதாவது ஷாஃப்டுக்குள், போன் பேச்சு விட்டு விட்டுத்தான் கேட்கும். எழுதி அனுப்பினால் மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். அதனால் எங்கள் வேலை முழுக்க எழுத்தில்தான். அதற்கு நான்தான் ஒரு முறை வைத்தேன். மெக்கானிக் முதலில் லிஃப்ட் நம்பரைப் போடவேண்டும். வேலை முடிந்ததும் நம்பரைப் போட்டு "முடிஞ்சது" என்று எழுதவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் வந்ததெல்லாம், ஒரு எழுத்து விடாமல், அந்த லிஃப்டின் ஃபைலுக்குள் போய்விடும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தின் பொறுப்பாளர், "லிஃப்டை நிறுத்தச் சொல்லி எங்ககிட்ட யாருமே சொல்லல" என்று சாதித்தபோது, நான் ஃபைலைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். மனிதர் வாயை மூடிக்கொண்டு போனார். அன்றிலிருந்து என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

எட்டு பேரில் அனுபவத்தில் மூத்தவர் என் அக்கா புருஷன். நான் அத்தான் என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, ஆபீஸ் முழுக்க அவரை அத்தான் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பேரன் எடுத்தவர்கூட அவரை அத்தான் என்பார். அவரும் அதற்கு "சொல்லுங்க மச்சான்" என்று மூஞ்சியை மாற்றாமல் பதில் சொல்வார். எதைச் சொன்னாலும் "சரியா?" என்று முடிப்பது அவர் வழக்கம். ஒரு திருகாணியை முறுக்கினாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் கையை எடுப்பார்.

எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று அவர் எனக்கு ஒரு கோடு போட்டுத் தந்திருக்கிறார். கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ளது இதுதான்: ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினாலாம் நம்பர் லிஃப்டின் பெட்டிக்கு மேலே நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில், கை நடுங்க ஆரம்பித்தது. இருபது வருடமாக ஏறி இறங்குகிற இடம். கீழே பார்க்க முடியவில்லை, மேலேயும் பார்க்க முடியவில்லை. எனக்கு எழுதினார். பழக்க தோஷம், முதல் வரியில் நம்பரைப் போட்டுவிட்டார்.

என் பாதி இது.

"பதினாலா? சொல்லுங்க அத்தான்."

"முதல்ல ஸ்டாப் பட்டனை அமுக்குங்க. அமுக்கிட்டு எனக்கு எழுதுங்க."

"பெல்ட் மாட்டியிருக்கா? கையால தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"உக்காருங்க. அவசரமே இல்ல. அந்த லிஃப்டுக்காக எந்த மகாராஜாவும் காத்துக்கிட்டு நிக்கல."

"ஆள் அனுப்பட்டுமா?"

"சரி, அனுப்பல. ஆனா பத்து நிமிஷத்துல சரியாகலன்னா அனுப்புவேன்."

"அக்காகிட்ட சொல்ல மாட்டேன்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அத்தான், எங்க வீட்டுக் குழாய் சொட்டுது. ரெண்டு நாளா தூக்கமே இல்ல. வாஷர் எப்படி மாத்தறது? ஒண்ணொண்ணா சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"அப்புறம்?"

"எந்தப் பக்கம் திருகணும்? எனக்கு வலது இடது எப்பவும் தகராறு."

"அப்புறம்?"

"இப்ப கை எப்படி இருக்கு?"

"நல்லது. இப்ப வாஷர் மாத்தின மாதிரியே, ஒண்ணொண்ணா. மெதுவா கீழ விடுங்க. அஞ்சாம் மாடிக் கதவு கால்கிட்ட வந்ததும் நிறுத்துங்க."

"வெளிய வந்துட்டீங்களா? தரைல நிக்கிறீங்களா?"

"நான் இங்கயேதான் இருக்கேன். எங்கயும் போகல."

எங்கள் வீட்டுக் குழாய் சொட்டவே இல்லை. அவருக்குத் தெரிந்த ஒன்றை அவர் வாயால் சொல்ல வைத்தால் மனசு அதன் பின்னால் போகும் என்று அந்த நேரத்தில் எனக்கு எப்படியோ தோன்றியது. அவர் தரையில் கால் வைத்ததும் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அவரோ வெளியே வந்ததும் வழக்கப்படி, பதினாலு முடிஞ்சது என்று எழுதினார்.

டாக்டரைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். டாக்டர் சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை பெட்டி மேல் ஏறும் வேலை எதையும் அவருக்குக் கொடுக்கமாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டேன். மோட்டார் ரூம் வேலை, கதவு வேலை, அடிக் குழியில் வேலை என்று மாற்றிப் போட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பூதத்தை யார் கேட்பார்கள்?

அன்று சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால், தினமும் செய்வதுபோல, முதல் நம்பருக்கும் கடைசி நம்பருக்கும் நடுவில் இருந்ததையெல்லாம் அள்ளி ஃபைலில் போட்டேன். பதினொன்று, பதினாலு, இருபத்தேழு. படித்துக்கூடப் பார்க்கவில்லை. கை தானாகச் செய்தது.

மூன்று வாரம் கழித்துப் புது மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர். நல்ல மனிதர், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரும் ரகம். இதை எழுதப்போகிறேன் என்று அவரிடமும் அனுமதி கேட்டேன். "என்னைக் கொஞ்சம் நல்லவனா எழுதுங்க மேடம்" என்றார். எழுதிவிட்டேன்.

"பதினாலாம் நம்பர் ஃபைலைப் படிச்சேன் மேடம். எத்தனையோ ட்ரெய்னிங் பாத்திருக்கேன், இந்த மாதிரி ஒண்ணு பாத்ததே இல்ல. அந்தக் குழாய் விஷயம்! எப்படி மேடம் தோணுச்சு?"

"சும்மா, அப்படியே வந்துச்சு சார்" என்றேன். கன்னமெல்லாம் சூடாகிவிட்டது.

"வியாழக்கிழமை ட்ரெய்னிங்ல இதைப் போட்டுக் காட்டணும். எல்லாரும் கத்துக்கணும். பேரை அழிச்சிடறேன். இருந்தாலும் உங்க அனுமதி இல்லாம செய்யக்கூடாது. போடலாமா?"

எட்டு வருடம். லிஃப்ட் ஓடினால் மெக்கானிக்குக்கு நன்றி, நின்றால் எனக்குத் திட்டு. முதல் தடவையாக ஒருவர் என் வேலையைப் பார்த்து வாய் திறந்து பாராட்டுகிறார். தலைகால் புரியவில்லை.

"தாராளமா போடுங்க சார்" என்றேன்.

நானும் அக்காவும் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். நல்ல செய்தி வயிற்றில் இருக்கும்போது எனக்குத் தனியாக உட்கார முடியாது. அக்கா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து பழைய டார்ச் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார்.

"ஏண்டி, இவரை ஏன் மோட்டார் ரூமுக்கே அனுப்பற? சட்டையெல்லாம் ஒரே கிரீஸ். துவைக்கறவ நானா நீயா?" என்றாள் அக்கா.

"வேலை அப்படி வருதுக்கா."

"ஆமா, நீ சொன்னா சரிதான். இந்த வீட்டுல உன்னைத்தான் நம்ப முடியுது. இவர் வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும்."

அத்தான் டார்ச்சிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார். இவள் இருக்கிறாள், கவலை இல்லை என்கிற சிரிப்பு.

அக்காகிட்ட சொல்ல மாட்டேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு வரியும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, சுவர் உயரத்துக்கு, எட்டு மெக்கானிக்குகள் முன்னால் நிற்கப்போகிறது. அதற்குத் தாராளமா என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்தான். அக்கா கொடுத்த டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை மேனேஜர் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன்.

"சார், நேத்து நான் சொன்னதை வாபஸ் வாங்கறேன்."

அவர் உட்காரச் சொன்னார். தயாரித்து வைத்திருந்ததைத் திறந்து காட்டினார். பெயர் இருந்த இடமெல்லாம் கறுப்புப் பட்டை. "யாருன்னே தெரியாது மேடம், பாருங்க."

பார்த்தேன். அத்தான் என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது.

"சார், இந்த ஆபீஸ்ல அத்தான்னா ஒரே ஒருத்தர்தான்."

அவர் முகம் மாறிவிட்டது. "ஐயையோ. நான் ஏதோ மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்." இரண்டுக்கும் பட்டை போட்டார். மறுபடி படித்தேன். ஒவ்வொரு பதிலும் "சரியா?" என்று முடிந்தது. அதைக் காட்டினேன். அதற்கும் பட்டை போட்டார். வாஷர் மாற்றுவதை அப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்கிற ஆள் உலகத்திலேயே அத்தான் ஒருவர்தான். அதையும் எடுத்தால் மிஞ்சுவது நான் போட்ட "அப்புறம்?" மட்டும்.

"எத்தனை பட்டை போட்டாலும் அவர் உள்ள உக்காந்திருக்கார் சார். பேரை அழிச்சா ஆள் போயிடுவாரா?"

"நான் கேட்டுட்டுத்தானே செஞ்சேன் மேடம்?" என்றார். குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் வருத்தம் இருந்தது.

"நீங்க கேட்டது சரி சார். ஆனா கேட்டது தப்பான ஆள்கிட்ட. எனக்குச் சொந்தமில்லாததுக்கு நான் சரின்னு சொல்லிட்டேன்."

அவர் இன்னொன்றும் கேட்டார், மேனேஜர் கேட்கவேண்டிய கேள்விதான். "அவர் இப்ப மேல ஏறறாரா?"

"இல்ல சார். டாக்டர் எழுதிக் கொடுக்காம ஏறமாட்டார். அதுக்கு நான் ஜவாப்தாரி."

தலையசைத்துவிட்டு எல்லாவற்றையும் அழித்தார். ஃபைலிலிருந்தும் அந்த நாற்பது நிமிடத்தை என் முன்னாலேயே எடுத்தார். பிறகு நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "முடிஞ்சுது மேடம். நான் படிச்சதை மறந்துட்டேன். அவருக்கு இது தெரியவே வேண்டாம். எதுக்கு வீணா அவர் மனசைக் கஷ்டப்படுத்தணும்?"

எவ்வளவு அழகான வழி! என் நாக்கு நுனிவரை "சரி சார்" வந்துவிட்டது. விழுங்கினேன். அத்தானுடைய விஷயத்தை அவருக்குத் தெரியாமல் கொடுத்தேன். இப்போது அதையும் அவருக்குத் தெரியாமல் மறைப்பதா? அது ஒரு தடவை தப்புச் செய்து, அதன்மேல் இன்னொரு தடவை செய்வது.

"இல்ல சார், சொல்லிடறேன்" என்றேன்.

அன்று அத்தானுக்கு ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் ரூமில் வேலை. எட்டு வருடத்தில் நான் மேஜையை விட்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. மோட்டார் ஓடும் சத்தத்தில் காது அடைத்தது. என்னைப் பார்த்ததும் பதறிப்போய் மோட்டாரை நிறுத்தினார்.

"அக்காவுக்கு ஏதாச்சும்?"

"அக்கா நல்லாத்தான் இருக்கா. நான்தான் நல்லா இல்ல."

சொன்னேன். ஃபைலில் போட்டதிலிருந்து மேனேஜரிடம் தலையாட்டியதுவரை, ஒன்று விடாமல். அவர் பழந்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சேமிச்சியா?"

"நீங்க மேல பதினாலுன்னு போட்டிருந்தீங்க அத்தான்."

"அது எனக்குக் கைப்பழக்கம்."

"எனக்கும் அதேதான். பாக்காமலே போட்டுட்டேன்."

"சரி. மேனேஜர்கிட்ட தாராளமான்னு சொன்னியே, அதுவும் கைப்பழக்கமா?"



"இல்ல அத்தான். அது என் திமிர். அவர் என்னைப் பாராட்டினார், நான் உங்களை மறந்துட்டேன்."

சொன்னதும் அழுகை வந்தது. அவர் துணியை மடித்து டூல் பெட்டிக்குள் வைத்தார். என்னைச் சமாதானப்படுத்தவில்லை. படுத்தியிருந்தால் அவர்மேல் எனக்கு இவ்வளவு மரியாதை வந்திருக்காது.

"நான் உன்கிட்ட எழுதினது, நீ ஒருத்தி படிக்கறன்னுதான். வேற யாராவது படிப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா, அங்கயே உக்காந்திருப்பேனே தவிர எழுதியிருக்க மாட்டேன். உன் போன்லயும் அழிச்சிடு. சரியா?"

"அழிச்சிடறேன்" என்றேன். கேட்காமல் போனால் அப்புறம் என்றைக்கும் கேட்க முடியாது. "அத்தான், நான் எழுதினதை மட்டும் வச்சுக்கட்டுமா? என் ஆயுசுலயே நான் செஞ்ச உருப்படியான வேலை அதுதான்."

அவர் மோட்டாரின் மூடியை எடுத்து மாட்டினார்.

"உன் பாதிய வச்சுக்கோ. யாருக்காவது காட்டணும்னா கேளு."

படிக்கட்டில் உட்கார்ந்து என் வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். மீதியை அழித்தேன். மேலே நீங்கள் படித்தது அந்தத் தாளைப் பார்த்து எழுதியதுதான்.

வியாழக்கிழமை ட்ரெய்னிங்கில் மேனேஜர் கம்பிவடத் தேய்மானத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். முடிந்ததும், சிரித்தால் ஜன்னல் அதிரும் ஒரு மெக்கானிக், பட்டப்பெயர் வெடி, என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏதோ மெசேஜைப் போட்டுக் காட்டப்போறதா பேச்சு அடிபட்டுச்சே பூதம்? யாரோடது?"

"என்கிட்ட நிறைய கெடக்கு. உன்னோடதும் கெடக்கு. அதைப் போடவா?"

வெடி நமுத்துப்போனது. எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிண்டலுக்குச் சொன்னேனே தவிர, அது உண்மைதான் என்று அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்து எல்லா ஃபைலையும் தோண்டினேன். வெடி தன் பெண்டாட்டியோடு போட்ட சண்டை முப்பத்தொன்றாம் நம்பரில் இருந்தது. ஒருவருடைய அம்மாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எட்டாம் நம்பரில் இருந்தது. லிஃப்டுக்கு எதற்கு இதெல்லாம்? ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, இது இருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். வெடி, "தூக்கிடு தாயே" என்றார். பூதம் என்று சொல்லவில்லை. புது முறை ஒன்றும் வைத்தேன். சொந்த விஷயம் என்றால் முதல் வரியில் "நம்பர் இல்ல" என்று போடவேண்டும். அது என் கண்ணோடு சரி, ஃபைலுக்குப் போகாது.

எல்லோரும் போட்டார்கள். வெடி அதற்குப் பிறகு ஓயாமல் போட்டார். அத்தான் போடவே இல்லை. அவரிடமிருந்து வந்ததெல்லாம் நம்பர்தான். இருபத்திரண்டு, கதவு, இருபத்திரண்டு முடிஞ்சது. நாற்பது, குழி, நாற்பது முடிஞ்சது. கடைசியில் ஒரு "சரியா?" கூட இல்லை. எதிர்வீட்டில் இருந்துகொண்டு, கதவைத் திறந்தால் சிரித்துக்கொண்டு, எழுத்தில் மட்டும் என்னைத் தள்ளி வைத்துவிட்டார். ஒரு மாதத்துக்கு மேல் அப்படித்தான். அதைவிட அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை என் மேஜையில் ஒரு கவர் இருந்தது. டாக்டர் கடிதம். மேலே ஏறலாம். மறுநாள் வேலைப் பட்டியலில் பதினாலாம் நம்பருக்கு எதிரே ஒருவர் பெயரை எழுதவேண்டியிருந்தது. அவர் பெயரை எழுதினேன். துணைக்கு வெடியைக் கீழே நிற்கப் போட்டேன், காரணம் சொல்லாமல்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அக்கா வீட்டில் போர்வை மடித்துக்கொண்டிருந்தோம். ஒரு முனையை அவள் பிடித்திருந்தாள், மறு முனையை நான். என் போன் அதிர்ந்தது. ஒரு கையால் எடுத்துப் பார்த்தேன். மறு பாதியிலிருந்து எழுதலாம் என்று அவர் எனக்கு அனுமதித்தது இதையும், இதை அடுத்து வந்ததையும்தான்.

"நம்பர் இல்ல. பதினாலு மேல நிக்கிறேன். கை நடுங்கல. சரியா?"

"யாருடி?" என்றாள் அக்கா. "அழறியா சிரிக்கிறியா?"

எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. உன் புருஷன்டி, உன் புருஷன் ஏறிட்டார்டி என்று அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுதினேன்.

"அக்கா பக்கத்துல நிக்கிறா. சொல்லட்டுமா?"

பதில் வந்தது.

"வேணாம். சாயங்காலம் நானே சொல்றேன்."

போனைக் கவிழ்த்து வைத்தேன். "போர்வைய இழுத்துப் பிடிக்கா, கோணலா போகுது" என்றேன். அவள் முறைத்துவிட்டு இழுத்துப் பிடித்தாள்.

சாயங்காலம் அவர் படியேறி வரும் சத்தம் கேட்டதும் நான் எழுந்தேன். இருடி, டீ குடிச்சிட்டுப் போ என்று அக்கா சொன்னாள். வேலை இருக்கு என்று சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் என்ன சொன்னார், அக்கா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.